சின்ன நகரத்தில் நகரமைப்பு வேலை: ஒரு சிவில் மாணவரின் கேள்விக்குப் பதில்

புதுக்கோட்டையில் சிவில் இன்ஜினீயரிங் கடைசி ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எனக்கு நகரமைப்பும் போக்குவரத்துத் திட்டமிடலும் பிடித்திருக்கிறது. ஆனால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக மனமில்லை. எங்கள் ஊர் மாதிரி சின்ன நகரத்தில் இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? என்ன படிக்க வேண்டும்? தினமும் உண்மையில் என்ன வேலை இருக்கும்?”

முடியும், தம்பி. நான் இந்த வேலைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதலில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில், அப்புறம் அரசுப் பணியில். சென்னையில் இருந்த காலம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஒரு லட்சம், இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர்கள். அதனால் கல்லூரிக் கையேட்டில் இருப்பதைத் திருப்பிச் சொல்லாமல் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நகரமைப்பாளர் என்றால் மெட்ரோ ரயில், மேம்பாலம், பெரிய வண்ண வரைபடம் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. சின்ன ஊரில் உங்கள் மேஜைக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவை மனைப்பிரிவு அனுமதி கேட்டு வருபவை. “டி.டி.சி.பி. அப்ரூவ்டு மனை, 30 அடி ரோடு” என்று பஸ்ஸின் பின்னால் விளம்பரம் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அந்தக் கோப்பு. டி.டி.சி.பி. என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககம். ஒரு விவசாயியின் மூன்று ஏக்கர் புஞ்சையை ஒருவர் வாங்குகிறார், ஐம்பது மனையாகப் பிரிக்கிறார், நடுவில் சாலை போடுகிறார், ஓர் ஓரத்தில் பூங்காவுக்கு இடம் விடுகிறார். பட்டா, புலப்பட நகல் (நிலத்தின் சர்வே வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று எல்லாம் சேர்த்து ஒரு வரைபடத்தோடு உங்களிடம் வரும். நீங்கள் அளந்து பார்த்து, நேரில் போய்ப் பார்த்து, குறிப்பு எழுத வேண்டும். துறை தொழில்நுட்ப ஒப்புதல் தரும். சாலையையும் பூங்காவையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த பிறகு இறுதி அனுமதி.

இது குமாஸ்தா வேலை மாதிரித் தெரியும். ஆனால் ஊரை உருவாக்குவது இந்தக் கோப்புதான். ஒருமுறை மனை விற்றுப் பத்திரம் பதிந்துவிட்டால் அந்தச் சாலை அங்கேயே இருக்கும். உங்கள் பேரன் காலத்திலும் அதே அகலத்தில், அதே வளைவோடு இருக்கும். கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஐம்பது பட்டாதாரர்களிடம் கையெழுத்து வாங்கி ஒரு தெருவை நகர்த்த யாராலும் முடியாது.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பணிக்கு வந்த இரண்டாவது ஆண்டு. ஒரு மனைப்பிரிவுக் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது. சாலை அகலம் சரி, பூங்காவுக்கு 10 சதவீதம் சரி, மனை அளவு சரி. உள்சாலை மட்டும் கிழக்கு எல்லைக்குப் போகாமல் கடைசி மனையோடு நின்றது. அந்தப் பக்கம் வெறும் தரிசு. யார் போகப் போகிறார்கள் என்று நினைத்துப் பரிந்துரை எழுதிவிட்டேன். மூன்று ஆண்டு கழித்து அந்தத் தரிசிலும் மனை போட்டார்கள். அவர்களுடைய சாலை எங்கள் சாலைக்கு நேராக வந்து சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நேராகப் போனால் ஐந்து நிமிட நடை. சுற்றிப் போனால் நெடுஞ்சாலையைத் தொட்டு, லாரிகளுக்கு நடுவில், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஒருநாள் தளப் பார்வைக்குப் போனபோது ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளை முன்னும் பின்னும் மொபெட்டில் வைத்துக்கொண்டு நின்று, “ஏம்மா, இந்தச் சுவத்துல ஒரு வழி விடக் கூடாதா?” என்று கேட்டார். வழி விட அங்கே நிலமே இல்லை. நான் பரிந்துரைத்த கடைசி மனையில் ஒருவர் கடன் வாங்கி வீடு கட்டியிருந்தார்.

அன்றிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் பார்ப்பது சாலை எல்லை வரை போகிறதா, பக்கத்துச் சர்வே எண்ணில் நாளைக்கு மனை வந்தால் சேருமா என்பதைத்தான். நீங்கள் கேட்ட போக்குவரத்துத் திட்டமிடல் சின்ன ஊரில் தொடங்கும் இடம் இதுதான். தெருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் மக்கள் நடப்பார்கள், சைக்கிளில் போவார்கள். சேராவிட்டால் எல்லோரும் மெயின் ரோட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். மெயின் ரோட்டில் நெரிசல் என்று பிறகு ரவுண்டானா போடுவோம், சிக்னல் போடுவோம், ஒருவழிப்பாதை ஆக்குவோம்.

சின்ன நகரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். பெரிய நகரத்தில் நிலம் எல்லாம் கட்டி முடிந்தது. அங்கே ஒரு தெருவை அகலப்படுத்த நில எடுப்பு, இழப்பீடு, நீதிமன்றம் என்று பத்து ஆண்டு போகும். உங்கள் ஊரில் திருச்சி சாலையிலும் தஞ்சாவூர் சாலையிலும் அறந்தாங்கி சாலையிலும் இன்னும் வெறும் நிலம் கிடக்கிறது. அங்கே அடுத்த இருபது ஆண்டில் வரப்போகும் தெருக்கள் எல்லாம் இன்றைக்கு யாரோ ஒருவர் மேஜையில் காகிதமாக இருக்கின்றன. அந்த மேஜையில் விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் செலவே இல்லாமல் நல்ல ஊர் கிடைக்கும்.

புதுக்கோட்டைக்காரருக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. உங்கள் ஊரின் ராஜ வீதிகளும், அவற்றை ஒட்டி வடக்கு இரண்டாம் வீதி, தெற்கு நான்காம் வீதி என்று எண் போட்டு நேர்க்கோட்டில் போகும் தெருக்களும் தானாக வந்தவை இல்லை. 19-ம் நூற்றாண்டில் தொண்டைமான் ஆட்சியில் திட்டம் போட்டு அமைத்தவை. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி குளங்களைத் தூர்வாரி, சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் சீர்செய்தார். அன்று விட்ட அகலத்தில்தான் இன்றைக்கும் பஸ், ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் ஓடுகின்றன. பழைய வீதிகளில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் புகுந்து வெளியே வரலாம். ஊருக்கு வெளியே புதிதாக வந்த நகர்களில் அப்படி வர முடிகிறதா என்று ஒருநாள் சைக்கிளில் சுற்றிப் பாருங்கள். எந்தப் பாடப் புத்தகமும் தராத பாடம் அது.

தஞ்சாவூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ், நவீன நகரமைப்பின் முன்னோடிகளில் ஒருவர், 1915 வாக்கில் சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க நேரான அகலத் தெருக்கள் வெட்டும் திட்டம் ஒன்று இருந்தது. வீடுகள் நிறைய இடிபடும். கெடிஸ் தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டு வேறு யோசனை சொன்னார். இடிந்து கிடக்கும் சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும், அங்கங்கே சின்னச் சின்னத் திறந்தவெளி கிடைக்கும், மரம் வைக்கலாம், மற்ற வீடுகளை விட்டுவிடலாம் என்றார். முதலில் ஆய்வு, அப்புறம்தான் திட்டம் என்பது அவர் கொள்கை. நூறு ஆண்டு கழித்தும் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அவர் நடந்த கதையைத்தான்.

சரி, சட்டத்துக்கும் பதவிக்கும் வருவோம். தமிழ்நாட்டில் அடிப்படைச் சட்டம் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ் உள்ளூர் திட்டக் குழுமங்கள் உண்டு. அவை முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும், அதற்கு உட்பட்டு விரிவான வளர்ச்சித் திட்டங்களும் வரும். சென்னைக்கு சி.எம்.டி.ஏ. என்னும் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம். கோவை, மதுரை, திருப்பூர், ஒசூர் ஆகியவற்றுக்குத் தனி வளர்ச்சிக் குழுமங்கள் வந்திருக்கின்றன. கட்டடம், மனைப்பிரிவு எல்லாவற்றுக்கும் 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இந்த விதிப் புத்தகம் உங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக இருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சிக்குள் நகரமைப்பு ஆய்வாளர், நகரமைப்பு அலுவலர் என்று பதவிகள் உண்டு. இயக்ககத்தின் பக்கம் உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது. அதற்கு நகரமைப்பில் முதுகலைப் பட்டம் இருந்தால் வழி தெளிவு.

புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி, திருவண்ணாமலை நான்கும் 2024-ல் மாநகராட்சி ஆயின. அதற்கு முன் 2021-ல் கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி, காஞ்சிபுரம், தாம்பரம். புதுக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.17 லட்சம்தான். மாநகராட்சி ஆகும்போது சுற்றியிருக்கும் ஊராட்சிகளும் உள்ளே வருகின்றன. நேற்று வரை கிராமச் சாலையாக இருந்தது இன்று நகரச் சாலை. அதற்கு ஏற்ற திட்டம் போட ஆள் வேண்டும். நாடு முழுவதற்கும் இதே நிலைதான். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் உள்ள 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்றது. மாநிலத் துறைகளுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவை என்றும் சொன்னது. தேவை இருக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். தேவை இருப்பதும் பணியிடம் அறிவிக்கப்படுவதும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். அரசுத் தேர்வு அறிவிப்புக்காக இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க நேரலாம். அந்த இடைவெளியில் தனியார் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்துவிடுங்கள். மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தில் ஜி.ஐ.எஸ். என்னும் கணினி வரைபட முறையில் முழுமைத் திட்டம் தயாரிக்கும் பணிகளை அவர்கள் எடுத்துச் செய்கிறார்கள். அதன் இரண்டாம் கட்டத்தில் 50,000 முதல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊர்களும் வருகின்றன. சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான், ஆனால் ஐந்து ஊரைக் கையில் எடுத்துப் பார்த்த அனுபவம் கிடைக்கும்.

படிப்பைப் பற்றி. சிவில் முடித்தவருக்கு இரண்டு வழி. ஒன்று, நகரமைப்பில் முதுகலைப் பட்டமான எம்.பிளான். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள் (எஸ்.பி.ஏ.), அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.கள், கோழிக்கோடு என்.ஐ.டி. ஆகியவை தெரிந்த இடங்கள். இன்னொன்று, போக்குவரத்துப் பொறியியலில் எம்.டெக். அல்லது எம்.இ. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., கிண்டி பொறியியல் கல்லூரி. உங்களுக்குத் திருச்சி பக்கத்திலேயே இருக்கிறது. கேட் தேர்வில் சிவில் தாளோடு கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் தாளையும் பாருங்கள். அதில் திட்டமிடலுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

எதை எடுப்பது என்று கேட்டால், சின்ன ஊருக்கு எம்.பிளான் என்பேன். எம்.டெக். படித்தவர் சாலையை நன்றாக அறிவார். அந்தச் சாலையில் ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதற்கான காரணம் நிலத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் எங்கே, சந்தை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்பதில் இருக்கிறது. பெரிய நகரத்தில் நிலத்துக்கு ஒருவர், போக்குவரத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக இருப்பார்கள். சின்ன ஊரில் இரண்டும் நீங்கள்தான். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் ஊருக்கு வெளியே முள்ளூரில் திறந்தது. ஓர் ஆஸ்பத்திரி அப்படி வெளியே போகும்போது, கந்தர்வகோட்டையிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் வரும் கர்ப்பிணி எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவார், இரவு எட்டு மணிக்குப் பார்க்க வரும் உறவினர் எப்படித் திரும்புவார் என்பதெல்லாம் ஒரே நாளில் மாறிவிடும். இடம் முடிவு செய்யும் கூட்டத்திலேயே பஸ் வழித்தடத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் இந்த வேலை.

பட்டத்தைவிட முக்கியமான ஒன்று, வருவாய்த் துறையின் மொழி. நத்தம், புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, உட்பிரிவு, டி.எஸ். எண் இதெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒழுங்காகச் சொல்லித் தர மாட்டார்கள். ஒரு கிராம நிர்வாக அலுவலரிடமோ ஓய்வுபெற்ற சர்வேயரிடமோ பத்து நாள் உட்கார்ந்து புலப்படம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய புலப்படத்தில் வண்டிப்பாதை என்று புள்ளிக்கோடு போட்டிருக்கும். இன்று தரையில் அது கருவேல மரமாக இருக்கும். அந்தக் கோடு உங்களுக்குத் தெரிந்தால் இரண்டு நகர்களை இணைக்கும் சாலை இலவசமாகக் கிடைக்கும். என் சுவர்க் கதைக்குப் பிறகு இன்னொரு ஊரில் அப்படி ஒரு பழைய பாதையைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டோம். இருபது அடி அகலம், முந்நூறு அடி நீளம். என் பணிக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

கணினிப் பக்கம் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் போதும். இலவசம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் உங்கள் ஊரின் விடுபட்ட தெருக்களை நீங்களே வரைந்து சேர்க்கலாம்.

இனி போக்குவரத்து. முதலில் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணி, எல்லாவற்றையும் காருக்குச் சமமான அலகாக மாற்றுவோம். பி.சி.யூ. என்பார்கள். இந்திய சாலைக் குழுமத்தின் 106-ம் எண் நெறிமுறையில் கார் 1, இருசக்கர வாகனம் மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் 0.75, பஸ்ஸுக்கு அதன் விகிதத்தைப் பொறுத்து 2.2 முதல் 3.7 வரை. ஒரு டவுன் பஸ்ஸில் 60 பேர் போகிறார்கள் என்று வையுங்கள். அதிகபட்சமாகக் கணக்கிட்டாலும் 3.7 அலகு. அதே 60 பேர் வண்டிக்கு ஒன்றரைப் பேர் வீதம் பைக்கில் போனால் 40 வண்டி, 30 அலகு. எட்டு மடங்கு இடம். டவுன் பஸ்ஸைக் குறைத்துவிட்டுச் சாலையை அகலப்படுத்தும் ஊர்கள் என்ன செய்கின்றன என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இதைவிட எனக்கு உறுத்தும் விஷயம், நடந்து போகிறவருக்கு இந்தக் கணக்கில் அலகே கிடையாது என்பது. காலை எட்டரை மணிக்கு ஒரு பள்ளி வாசலில் எண்ணூறு பிள்ளைகள் சாலையைக் கடந்தாலும் வாகனக் கணக்கெடுப்புப் படிவத்தில் அவர்கள் பூஜ்யம். எண்ணப்படாதவர்களுக்குத் திட்டம் போட மாட்டோம். அதனால் நீங்கள் எப்போது கணக்கெடுத்தாலும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். 2006-ம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளைவிட மனிதர்கள் போய்ச் சேருவதுதான் முக்கியம் என்று தெளிவாகச் சொல்கிறது. சாலைக் குழுமத்தின் நடைபாதைக்கான 103-ம் எண் நெறிமுறை, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும், விளிம்பு உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி ஏறி இறங்க முடியாத நடைபாதையைக் கட்டிவிட்டு, மக்கள் நடைபாதையில் நடப்பதில்லை என்று கோபித்துக்கொள்வதில் பொருளில்லை.

போக்குவரத்து என்றால் சாலை மட்டுமில்லை என்பதற்கு உங்கள் மாவட்டமே பெரிய சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்கவும், விளைபொருள் விற்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் தாங்களே போனார்கள். புதிய சாலை போடாமல் ஒரு மாவட்டத்தின் பயணமே மாறியது. உங்கள் அம்மா, அத்தை யாராவது அப்போது கற்றிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண்கள் இன்று நகரத்துக்குள் சைக்கிளில் பயமில்லாமல் வர முடிகிறதா என்பது நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்தவே மாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு ஊர்களில் நெரிசல் என்றதும் முதலில் வரும் யோசனை, பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோவது. மொபசல் பஸ்களுக்கு அது சில ஊர்களில் சரியாக இருக்கலாம். ஆனால் கீரனூரிலிருந்து காய்கறிக் கூடையோடு வரும் பெண்மணி வெளியே இறங்கி, மீண்டும் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துச் சந்தைக்கு வர வேண்டும் என்றால் அந்தச் செலவு யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பயன் வீட்டு வாசல் வரை வர வேண்டுமானால் பஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். புதிய பஸ் நிலையத்துக்கு ஒரு கருத்துரு உங்கள் கைக்கு வந்தால், பழைய நிலையத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து, இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று எண்ணிய பிறகு கருத்து எழுதுங்கள். டவுன் பஸ் அரசுக் கழகத்தின் கையில், சில ஊர்களில் தனியார் கையில். மினி பஸ் 1997 முதல் ஓடுகிறது. அதன் பெர்மிட் ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். மாநகராட்சிக்கு நேரடி அதிகாரம் எதுவும் இல்லை. ஆக, நீங்கள் ஒவ்வோர் அலுவலகமாகப் போய்ப் பேசியாக வேண்டும்.

அது இந்த வேலையின் கடினமான பக்கம். ஒரு சந்திப்பைச் சரிசெய்ய வேண்டுமானால் ஒரு பக்கச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, இன்னொரு பக்கச் சாலை மாநகராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, சிக்னல் காவல்துறையுடையது. ஓரத்துத் தள்ளுவண்டிக்காரருக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உண்டு, அவரை நினைத்தபடி விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது. எல்லோரையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவர நல்ல இடம் ஆட்சியர் தலைமையில் நடக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கூட்டம். அங்கே வாயால் பேசுவதைவிட ஒரு வரைபடம் பேசும். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் நடந்தால்தான் அது பிளாக் ஸ்பாட் ஆகும். நகரத்துச் சாலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சாகிறவர்கள் அந்தப் பட்டியலில் ஏற மாட்டார்கள். நான் ஓர் ஊரில் மூன்று ஆண்டு முதல் தகவல் அறிக்கைகளிலிருந்து விபத்து நடந்த இடங்களை எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தேன். ஒரே திருப்பத்தில் ஏழு புள்ளிகள் விழுந்தன. வேகத்தடையும் விளக்கும் போட அடுத்த மாதமே உத்தரவு வந்தது. அதற்கு முன் நான் எழுதிய நான்கு கடிதத்துக்குப் பதில்கூட வரவில்லை.

அழுத்தம் இருக்கும். மனைப்பிரிவுக் கோப்பில் பணம் இருக்கிறது, அதனால் தொலைபேசி வரும். பூங்கா இடத்தை மூலையில் முக்கோணமாகத் தள்ளிவிடலாமே என்பார்கள். எழுத்தில் காரணத்தோடு மறுப்பு எழுதப் பழகுங்கள், வாய்வார்த்தையில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியதும், அடுத்த ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த நாட்களில் என் அறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு மனை வாங்கிய சாதாரண மக்கள். பிரித்து விற்றவர்கள் அங்கே இல்லை. விதியைத் தளர்த்தும்போது கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதை அன்று நேரில் பார்த்தேன். இடமாற்றமும் வரும். ஓர் ஊரைப் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டு ஆகும், புரிந்ததும் மாற்றுவார்கள். சொந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது உங்கள் முதல் ஆசை என்றால் அரசுப் பதவியில் அது உறுதியில்லை. சின்ன நகரங்களில் இருக்கலாம், ஆனால் புதுக்கோட்டையிலேயே இருக்கலாம் என்று வாக்குத் தர முடியாது.

ஆனால் சின்ன ஊர் சலிக்காது. திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் ஒவ்வொரு முறையும் திட்டமிட வேண்டும். கும்பகோணத்துக்கு 2028-ல் மகாமகம் வருகிறது. 1992 மகாமகத்தில் நெரிசலில் பலர் இறந்ததை அந்த ஊர் மறக்கவில்லை. அதற்கான தெருக் கணக்கு, வழி, வெளியேறும் பாதை எல்லாவற்றுக்கும் இப்போதிருந்தே வேலை உண்டு.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஸ்பெயினில் பொந்தேவேத்ரா என்று ஓர் ஊர், எண்பதாயிரம் சொச்சம் மக்கள், உங்கள் ஊரைவிடச் சின்னது. 1999-ல் வந்த மேயர் லோரஸ் ஊர் நடுவில் கார்களைப் பெருமளவு விலக்கி, தெருக்களை நடப்பவர்களுக்குக் கொடுத்தார். கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். அவரையே மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய பணமோ மெட்ரோவோ அதற்குத் தேவைப்படவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கடைசி செமஸ்டர் புராஜெக்டைக் கான்கிரீட் கலவையில் செலவழிக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் பகுதியை எடுங்கள். எல்லாத் தெருவும் நடந்து, எங்கே முட்டுச்சந்து, எங்கே சுவர், எங்கே பழைய பாதை அடைபட்டிருக்கிறது என்று கியூஜிஐஎஸ்ஸில் வரையுங்கள். இரண்டு பள்ளி வாசல்களில் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை மூன்று நாள் எண்ணுங்கள். ஒரு நாள் முகூர்த்த நாளாக இருக்கட்டும், வித்தியாசம் தெரியும். அந்தத் தாளோடு மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போய், உங்கள் ஊரின் முழுமைத் திட்ட வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அது பொதுமக்கள் பார்ப்பதற்கான ஆவணம். அதில் உங்கள் ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்னென்ன சாலைகள் கோடாகப் போட்டிருக்கிறார்கள், அவற்றில் எத்தனை தரையில் வந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீட்டை எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து படித்துவிட்டு, எந்தக் கல்லூரி உங்களுக்குச் சரிவரும் என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.